உறைவிந்தில் ஆன்டிஆக்ஸிடன்ட்: லேப்ல ஓடுது சரி... மாடு சினை பிடிக்குமா?

கிரீன் டீ பாக்கெட், ஃபேஸ் சீரம் பாட்டில், டார்க் சாக்லேட் விளம்பரம்... ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற வார்த்தை கண்ணில் படாத நாளே இல்லை. இதே வார்த்தை, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு இடத்திலும் பல வருடங்களாகப் புழங்குகிறது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜன் கேனுக்குள் இருக்கும் பொலிகாளையின் உறைவிந்துக் குச்சியில்!

‘என்னது, காளை விந்துக்கு வைட்டமினா?’ என்று சிரித்துவிட்டு ஸ்க்ரோல் செய்ய வேண்டாம். காலையில் குடித்த காபி வரைக்கும் இந்த விஷயம் நீள்கிறது. மாடு கன்று ஈன்றால்தான் பால். கன்று வேண்டுமென்றால் மாடு சினை பிடிக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டில் இந்தியா உற்பத்தி செய்த பால் சுமார் 23.9 கோடி டன். உலகிலேயே முதலிடம். அந்தப் பாலின் கணிசமான பகுதிக்குப் பின்னால், பால்பாயின்ட் பேனா ரீஃபிலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது.

அந்தக் குச்சிக்குள் இருக்கும் விந்தணுக்களைக் காப்பாற்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்க்கலாம் என்கின்றன நூற்றுக்கணக்கான ஆய்வுகள். நல்ல யோசனைதான். ஆனால், ‘தரம் கூடியது’ என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு ஊசி தவறினால் என்ன நஷ்டம்?

கிராமத்தில் ‘சினை ஊசி’ என்றுதான் சொல்வார்கள். மாடு பருவத்துக்கு வந்து கத்தும். உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போவார்கள், இல்லையென்றால் ஊசி போடுபவருக்கு போன் அடிப்பார்கள். அவர் கேனோடு வந்து குச்சியை எடுத்து, உருக்கி, கர்ப்பப்பையில் செலுத்துவார். இதுதான் செயற்கைமுறை கருவூட்டல்.

இந்தியாவில் இப்படிப் போடப்படும் ஊசிகளில் சினை பிடிப்பது சுமார் 35 சதவீதம் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதாவது மூன்று முறை போட்டால் ஒரு முறை நிற்கும். நிற்காவிட்டால் மாடு மறுபடி பருவத்துக்கு வர 21 நாள் ஆகும். அந்த 21 நாளும் தீவனம் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். சினை மட்டும் இருக்காது. சினைக்காலம் சுமார் 280 நாள் என்பதால், இங்கே தள்ளிப்போகும் ஒவ்வொரு சுற்றும் அடுத்த கறவையை அப்படியே தள்ளிவிடும். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது மாத பட்ஜெட்டையே ஆட்டிப்பார்க்கும் விஷயம். ரெண்டு மூணு தடவை ஊசி போட்டும் நிக்கலன்னா, மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதும் நடக்கிறது.

ஆகவே, குச்சிக்குள் நடக்கும் சின்ன மாற்றமும் லட்சக்கணக்கான வீடுகளைத் தொடும்.

குச்சி எப்படித் தயாராகிறது?

இந்தியாவில் செயற்கைமுறை கருவூட்டல் தொடங்கியது 1939இல். மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் என்பவர் அதைச் செய்துகாட்டினார். அப்போது உறைய வைக்கும் வித்தை கிடையாது. எடுத்த விந்தை உடனடியாகப் பயன்படுத்தியாக வேண்டும்.

திருப்பம் வந்தது 1949இல், லண்டனில். கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் போட்டு உறைய வைத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. சில மாதம் கழித்து அதே பாட்டிலை எடுத்து மறுபடி முயன்றபோது விந்தணுக்கள் பிழைத்துக்கொண்டன! என்ன மாயம் என்று ஆராய்ந்தால், லேபிள் மாறிப்போன பாட்டில் அது. உள்ளே இருந்தது கிளிசரால். இன்றைக்கும் காளை விந்தை உறைய வைக்க கிளிசரால்தான் முக்கியமான பாதுகாப்பு.

இப்போதைய நடைமுறை இதுதான். காளையிடமிருந்து எடுத்த விந்தை முட்டை மஞ்சள் கரு, கிளிசரால், சர்க்கரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் சேர்ந்த ஒரு கரைசலில் கலப்பார்கள். இதற்கு எக்ஸ்டெண்டர் என்று பெயர். கலவையை 0.25 மில்லி குச்சிகளில் நிரப்பி, சுமார் 4 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, பிறகு நைட்ரஜன் ஆவியில் சட்டென்று குளிர வைத்து, கடைசியில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திவிடுவார்கள். இந்தியத் தர நெறிமுறைப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். உருக்கிய பிறகு குறைந்தது 50 சதவீதமாவது நீந்த வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் அருகே ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் ஆலமாதியில் தேசிய பால்வள வாரியத்தின் நிலையம் இருக்கிறது.

சரி, இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் எங்க வருது?

‘50 சதவீதம் நீந்தினால் பாஸ்’ என்ற விதியிலேயே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உறைய வைக்கும்போது ஏறக்குறைய பாதி விந்தணுக்கள் வீணாகிவிடும். பனிப்படிகங்கள் கிழிப்பது ஒரு காரணம். உப்புச் செறிவு மாறுவது இன்னொன்று. மூன்றாவது காரணம் ஆக்ஸிஜன்.

உயிருள்ள செல் எதுவும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது, கொஞ்சம் ‘முரட்டு’ மூலக்கூறுகளும் உருவாகும். ஃப்ரீ ராடிக்கல், ஹைட்ரஜன் பெராக்ஸைடு மாதிரியானவை. பக்கத்தில் இருப்பதைத் தாக்குவதுதான் இவற்றின் வேலை. சாதாரண செல்லுக்குள் இவற்றை அடக்கிவைக்கும் நொதிகள் நிறைய உண்டு. விந்தணுவின் கதை வேறு. வேகமாக நீந்த வேண்டும் என்பதற்காக அது தேவையற்ற எடையை எல்லாம் கழற்றிவிட்ட செல். உள்ளே சைட்டோபிளாசமே கொஞ்சம்தான். எனவே பாதுகாப்பு நொதிகளும் கொஞ்சம்தான். போதாததற்கு, அதன் மேலுறையில் பூரிதமாகாத கொழுப்பு அமிலங்கள் அதிகம். திறந்து வைத்த எண்ணெய் சிக்குவாடை அடிக்கிறது இல்லையா? அதே வேதிவினைதான் இங்கும் நடக்கிறது.

இயற்கையில் விந்துத் திரவமே ஆன்டிஆக்ஸிடன்ட்களை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கும். எக்ஸ்டெண்டரில் கலக்கும்போது அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போகிறது. காளை விந்தணுக்கள் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உருவாக்குகின்றன, அது அவற்றின் சுவாசத்தையே முடக்குகிறது என்று டோசிக், வால்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1946லேயே எழுதினார்கள். இதில் இறந்த விந்தணுக்களும் சும்மா இருப்பதில்லை. அவற்றிலிருந்து வெளிவரும் ஒரு நொதி இன்னும் பெராக்ஸைடை உண்டாக்கி, உயிரோடு இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அதனால்தான் எக்ஸ்டெண்டரில் வெளியிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்க்கும் யோசனை வந்தது. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளூட்டாதையோன், சிஸ்டீன், டாரின், மெலட்டோனின், கேட்டலேஸ் நொதி, உணவுப் பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிஎச்டி... பட்டியல் நீளமானது. முருங்கை இலைச் சாறு, கிரீன் டீ, மஞ்சளின் குர்குமின் வரை எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள்.

வேறு வழியும் உண்டு. எதிரியை அடக்குவதற்குப் பதிலாக வரவிடாமலே தடுப்பது. உத்தரப் பிரதேசத்தின் இஜ்ஜத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில், எக்ஸ்டெண்டருக்குள் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, கரைந்திருக்கும் ஆக்ஸிஜனின் அளவைக் குறைத்து எருமை விந்தில் சோதித்தார்கள். ஆக்ஸிஜன் சேதம் குறைந்து, விந்தணுக்களின் நிலை மேம்பட்டது.

அப்போ நிறைய சேர்த்தா இன்னும் நல்லதுதானே?

இல்லை. அளவு மீறினால் இங்கே மருந்தே விஷம்.

முட்டையைத் துளைக்கும் தகுதியை விந்தணு பெறுவதற்கு, மாட்டின் உடலுக்குள் ஒரு தயார்நிலை மாற்றம் நடக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு இந்த ‘முரட்டு’ மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை. மொத்தமாகத் துடைத்துவிட்டால் அந்த வேலை கெடும். வைட்டமின் சி-க்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பு போன்ற உலோக அயனிகள் பக்கத்தில் இருந்தால், அது எதிரணிக்கு மாறி சேதத்தை அதிகப்படுத்தும். வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும், சி தண்ணீரில் கரையும். எனவே ஒன்று காக்கும் இடத்தை மற்றது காக்காது.

காளைக்குக் காளையும் பலன் மாறும். ஏற்கனவே நன்றாக உறையும் விந்துக்குக் கூடுதல் பொருளால் பெரிய லாபம் இருக்காது. ஒரே பொருள் ஒரு ஆய்வில் ‘சூப்பர்’, இன்னொன்றில் ‘வித்தியாசமே இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேப் ரிசல்ட் ஏன் போதாது?

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எதை அளக்கின்றன? குச்சியை உருக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்து, எத்தனை சதவீதம் நீந்துகிறது, மேலுறை முழுசாக இருக்கிறதா, கொழுப்பு சிதைந்த தடயம் எவ்வளவு என்று பார்க்கின்றன. எல்லாம் தேவையான அளவீடுகள்தான். ஆனால் விவசாயிக்கு வேண்டியது கன்று.

இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. விந்தணுவின் குறைகளை ஆய்வாளர்கள் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வகை, எண்ணிக்கையால் ஈடுகட்டக் கூடியது. பாதி விந்தணு நீந்தவில்லை என்றால், குச்சியில் இன்னும் அதிகம் போட்டால் போதும். 2 கோடி போடுவதே இதற்காகத்தான். அதில் நீந்துபவை 1 கோடியிலிருந்து 1.2 கோடியாக உயர்ந்தால் மைக்ரோஸ்கோப்பில் 20 சதவீத முன்னேற்றம் தெரியும். மாட்டுக்கு அது தெரியாமலே போகலாம். ஏனென்றால் தேவையான அளவு ஏற்கனவே இருந்தது.

இரண்டாம் வகை, எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாதது. விந்தணு நன்றாக நீந்தும், முட்டையையும் அடையும், கருவுறவும் செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ உடைந்திருந்தால் கரு சில நாளில் அழிந்துவிடும். ஊசி போட்டவருக்கும் தெரியாது, மாட்டுக்காரருக்கும் தெரியாது. 21 நாள் கழித்து மாடு மறுபடி கத்தும். ஆக்ஸிஜன் சேதம் டிஎன்ஏவையும் தாக்கும் என்பதால், ஆன்டிஆக்ஸிடன்ட் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுவாகவும் இருக்கலாம். இதைச் சாதாரண நீந்துதிறன் சோதனை காட்டாது.

ஆக, மைக்ரோஸ்கோப் இரண்டு பக்கமும் ஏமாற்றும். பலன் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும். பலன் இருக்கும் இடத்தில் இல்லாததாகவும் காட்டும்.

எங்கே நிஜமாகவே பலன் கிடைக்கும்?

நியூசிலாந்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அங்கே மாடுகள் எல்லாம் வசந்த காலத்தின் சில வாரங்களுக்குள் சினையாக வேண்டும். அத்தனை மாடுகளுக்கும் நல்ல காளையின் விந்து போதாது. 1960களில் அங்கே உருவான எக்ஸ்டெண்டர் ஒன்றில் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தார்கள், நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்ஸிஜனையும் குறைத்தார்கள். உறைய வைக்காமல், சாதாரண வெப்பநிலையிலேயே சில நாள் வைத்துப் பயன்படுத்தும் விந்து இது. வழக்கமான உறைவிந்துக் குச்சியில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்கு விந்தணுக்களை வைத்தே மாடுகளைச் சினையாக்கினார்கள்.

இதில் உள்ள பாடம் எளிமையானது. விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொன்றையும் காப்பாற்றுவதற்கு மதிப்பு. அப்படிப்பட்ட இடங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன.

பாலினம் பிரித்த உறைவிந்து: கிடேரிக் கன்று மட்டும் பிறக்கும்படி சுமார் 90 சதவீதத் துல்லியத்தில் பிரிக்கப்படுவது. ஊட்டியிலும் இதற்கான வசதி இருக்கிறது. இந்தக் குச்சியில் பல சமயம் சில பத்து லட்சம் விந்தணுக்கள்தான் இருக்கும். சாயம், லேசர், அழுத்தம் என்று எல்லாவற்றையும் தாண்டி வருவதால் அவை ஏற்கனவே களைத்தவை. சினை விகிதமும் சாதாரணக் குச்சியைவிடக் குறைவு.

கலப்பினக் காளைகள்: உள்நாட்டு, வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய காளைகளில் கணிசமானவை, விந்து சரியாக உறையவில்லை என்ற காரணத்துக்காகவே கழிக்கப்படுகின்றன. பல வருடம் தீனி போட்டு வளர்த்த முதலீடு அதோடு போச்சு.

எருமை: அதன் விந்தணு, மாட்டு விந்தணுவைவிட உறைநிலைச் சேதத்துக்கு எளிதில் ஆளாகும். கோடையில் நிலைமை இன்னும் மோசம்.

நாட்டு இனங்கள்: காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி மாதிரியான இனங்களில் தேர்ந்த பொலிகாளைகள் குறைவு. ஒரு முறை எடுக்கும் 5 மில்லி விந்தில், மில்லிக்கு 100 கோடி வீதம் 500 கோடி விந்தணு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குச்சிக்கு 2 கோடி என்றால் 250 குச்சி. பாதுகாப்பு கூடி 1 கோடியே போதும் என்று நிரூபணமானால் 500 குச்சி. ஓர் இனத்தைக் காப்பாற்றுவதில் இது பெரிய வித்தியாசம்.

கேன்ல நைட்ரஜன் இல்லன்னா?

எவ்வளவு நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்தாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. கேனில் நைட்ரஜன் மட்டம் இறங்கினால், குச்சியைத் தேடும்போது கேனின் கழுத்துக்கு மேலே பத்து விநாடிக்கு மேல் தூக்கிப் பிடித்தால், உள்ளே பனிப்படிகங்கள் மறுபடி வளரத் தொடங்கும். திரும்ப அமிழ்த்தினாலும் சேதம் சேதம்தான். 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டியதை, உள்ளங்கையில் தேய்த்தோ சட்டைப் பையில் வைத்தோ உருக்கினால் அதே கதிதான்.

நேரமும் முக்கியம். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்பது பொது விதி. ஊசி போடுபவர் மறுநாள் மாலைதான் வருவார் என்றால், வைட்டமின் ஈ ஒன்றும் செய்யாது.

என்ன செய்ய வேண்டும்?

ஆன்டிஆக்ஸிடன்ட் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதல்ல இதன் அர்த்தம். அதை லேப்பிலிருந்து தொழுவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலாவது, சோதனை முறை. ஒரே காளையிடம் ஒரே நேரத்தில் எடுத்த விந்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்து, குச்சி நிறத்தால் மட்டும் வேறுபடுத்தி அனுப்ப வேண்டும். எது எது என்று ஊசி போடுபவருக்குத் தெரியக் கூடாது. பிறகு சினைப் பரிசோதனை முடிவை ஒப்பிட வேண்டும்.

இதற்குப் பெரிய எண்ணிக்கை தேவை. சினை விகிதம் 35லிருந்து 38 சதவீதமாக உயர்ந்ததா என்று நம்பகமாகச் சொல்ல, புள்ளியியல் கணக்குப்படி இரு பக்கமும் தலா சுமார் 4,000 ஊசிகள் வேண்டும். நாலைந்து காளைகளை வைத்துச் செய்யும் லேப் ஆய்வால் இது முடியாது. அதேநேரம், 3 சதவீதப் புள்ளிதானே என்று தள்ளிவிடவும் முடியாது. ஆயிரம் ஊசிக்கு 30 மாடு கூடுதலாகச் சினை பிடிக்கிறது என்று அர்த்தம்.

நல்ல விஷயம் என்னவென்றால், இதற்கான அடித்தளம் ஏற்கனவே இருக்கிறது. மாடுகளுக்கு 12 இலக்க எண்ணுடன் காதுவில்லை மாட்டப்படுகிறது. ஊசி விவரங்களை ‘பாரத் பசுதன்’ செயலியில் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு குச்சியிலும் காளையின் எண்ணும் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கிறது. இவற்றை இணைத்து, எந்தக் காளையின் எந்தத் தொகுப்பு எத்தனை மாடுகளில் நின்றது என்று பார்க்க முடியும். சினைப் பரிசோதனை முடிவைத் தவறாமல் பதிவேற்றினால் போதும். ஊசி போட்ட எண்ணிக்கையை மட்டும் சாதனையாகக் காட்டும் பழக்கம் போக வேண்டும்.

இரண்டாவது, எங்கே என்ற தேர்வு. எல்லாக் குச்சியிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதைவிட, பாலினம் பிரித்த விந்து, எருமை, சரியாக உறையாத காளைகள், அரிய நாட்டு இனங்கள் ஆகியவற்றில் தொடங்குவதே சரி.

மூன்றாவது, விற்பனை. ‘ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்தது’ என்ற லேபிளைக் காட்டி விவசாயியிடம் கூடுதல் காசு வாங்குவதற்கு முன், களத்தில் கிடைத்த சினை விகிதத்தை வெளியிட வேண்டும். ஃபேஸ் சீரம் வாங்கி ஏமாந்தால் சில நூறு ரூபாயோடு போகும். இங்கே போவது ஒரு கறவைக் காலத்தின் தொடக்கம்.

குச்சியின் மீது காளையின் எண் அச்சாகிறது. அந்த எண்ணைப் போனில் தட்டினால், இதுவரை எத்தனை ஊசியில் எத்தனை சினை நின்றது என்று மாட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். அது தெரிகிற நாளில், எந்தப் பொருளைச் சேர்த்தால் நல்லது என்ற கேள்விக்கும் பதில் தானாகவே கிடைத்துவிடும்.